முதலில் எதைச் செய்வது? திருப்பூரில் ஒரு சிறு மென்பொருள் குழுவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூரில் ஒரு பனியன் முழுக்க ஒரே கூரையின் கீழ் தயாராவது குறைவு. கம்பெனி நூலை வாங்கி நிட்டிங் யூனிட்டுக்கு அனுப்பும். அங்கே நூல் துணியாகப் பின்னப்பட்டு சாயப்பட்டறைக்குப் போகும். அப்புறம் காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்துவது), சில ஆர்டர்களுக்கு பிரிண்டிங் அல்லது எம்பிராய்டரி, கட்டிங் முடிந்ததும் தைப்பதற்கு பவர் டேபிள் யூனிட்டுகள். இதில் பெரும்பகுதி ஜாப் ஒர்க். பொருள் கம்பெனியுடையது, வேலை மட்டும் வேறொருவருடையது. துணி வண்டியேறும் ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு டெலிவரி சலான் போகிறது. ஊருக்குள் அதை டிசி என்றுதான் சொல்வார்கள்.

இந்த ஆய்வில் வருவது மூன்று பேர் கொண்ட ஒரு குழு. ஒருவர் கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் சில வருடங்கள் இருந்துவிட்டு வந்தவர். இன்னொருவர் நிட்டிங் தொழில் செய்யும் குடும்பத்துப் பையன். மூன்றாமவர் சிறு கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்துவந்த பெண். பின்னலாடைத் தொழிலில் இருக்கும் சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து விற்பது திட்டம். கையிலிருந்த பணத்தில் ஒரு பொருளைச் செய்து பார்க்கலாம், இரண்டாவதற்குப் போதாது. ஆகவே எதை முதலில் செய்வது என்பதுதான் அவர்களுக்கு எல்லாமாக இருந்தது.

நான் அவர்களுக்கு ஆலோசகராக இருந்தேன். நேர்காணல்களுக்குப் போனது அவர்கள். குறிப்புகளை அவர்களோடு உட்கார்ந்து படித்ததும் முடிவெடுக்கும்போது உடனிருந்ததும் மட்டுமே என் பங்கு. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். யாரென்று கண்டுபிடிக்கக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன்.

தொடங்கும்போதே ஒரு யோசனை இருந்தது. ஒரு ஆர்டர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, நிட்டிங்கிலா, சாயத்திலா, தையலிலா என்று முதலாளி தன் போனிலேயே பார்த்துக்கொள்ளும் ‘ஆர்டர் டிராக்கர்’. நிட்டிங் குடும்பத்துப் பையனுக்கு இதில் தீராத ஆசை. அவர் அப்பா நாள் முழுக்க போன் போட்டு “துணி வந்துருச்சா” என்று கேட்டுக்கொண்டே இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்.

முதல் சுற்று

முதலில் தெரிந்தவர்களிடம் போனார்கள். சித்தப்பா, அப்பாவின் நண்பர்கள், கணக்குப் பார்க்கும் பெண்ணின் வாடிக்கையாளர்கள் சிலர். எல்லாச் சந்திப்பும் முதலாளியின் அறையில், முதலாளியோடு. போனில் வரைந்து வைத்திருந்த டிராக்கர் திரைகளைக் காட்டி, இது இருந்தால் உபயோகமாக இருக்குமா என்று கேட்டார்கள்.

கிட்டத்தட்ட எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். “பண்ணுங்க தம்பி, நல்லா வரும்” என்ற வாக்கியம் குறிப்பேட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. வாங்குவீர்களா என்று கேட்டதற்கு “வாங்கலாமுங்க, முடிச்சுட்டு வாங்க பாத்துக்கலாம்” என்று பதில். மென்பொருளில் இருந்தவர் இதையெல்லாம் ‘ஆர்வம் அதிகம்’ என்று பதிந்திருந்தார். கொங்குப் பக்கம் பழகியவர்களுக்கு அந்த வாக்கியத்தின் எடை தெரியும். சொந்தக்காரப் பையன் தொழில் தொடங்குகிறேன் என்று வந்து நிற்கும்போது வீட்டுக்குப் பெரியவர் சொல்லும் வாழ்த்து அது. அதை ஆர்டராக எடுத்துக்கொண்டால் பாவம் அந்தப் பெரியவர் என்ன செய்வார்?

கணக்குப் பார்த்த பெண்தான் இதில் ஏதோ இடிக்கிறது என்று முதலில் சொன்னார். டிராக்கரை மிகவும் பாராட்டிய ஒருவர் அவருடைய வாடிக்கையாளர். அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய ஈஆர்பி (கம்பெனியின் எல்லா வேலைகளையும் ஒரே இடத்தில் பதியும் மென்பொருள்) ஒன்று இருக்கிறது. அதில் ஆர்டர் நிலவரம் பார்க்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் பில் போடுவதைத் தவிர வேறெதற்கும் அதை அங்கே யாரும் திறப்பதில்லை. ஏன் என்று அந்தச் சந்திப்பில் ஒருவரும் கேட்கவில்லை.

மறுபடி போய் அதை மட்டும் கேட்டார்கள். பதில் முதலாளியிடமிருந்து வரவில்லை, அக்கவுண்டன்டிடமிருந்து வந்தது. ஒரு டிசி பதிய வேண்டுமென்றால் முதலில் ஆர்டரை ஏற்ற வேண்டும், அதற்கு ஸ்டைல், கலர், டயா (துணியின் அகலம்), ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), லாட் (ஒன்றாகப் போகும் துணித் தொகுதி) எல்லாவற்றையும் ஏற்றியிருக்க வேண்டும். வண்டி வாசலில் நிற்கும்போது இதையெல்லாம் யார் செய்வது? டிசி புத்தகத்தில் கையால் எழுதிக் கிழித்துக் கொடுப்பதோடு முடிந்துவிடும்.

கேள்விகளை மாற்றியது

இரண்டாம் சுற்றில் திரைகள் காட்டுவதில்லை என்று முடிவாயிற்று. ‘இப்படி ஒன்று இருந்தால்’ என்று தொடங்கும் கேள்விகளையும் நிறுத்தினார்கள். நடந்த ஒன்றைப் பற்றி மட்டும் கேட்பது, முடிந்தால் அதன் காகிதத்தைப் பார்ப்பது. அவர்கள் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்: “கடைசியா எந்த பில்லுலங்க அண்ணா பிரச்சினை வந்துச்சு? அந்த ஃபைலைக் கொஞ்சம் எடுத்துக் காட்ட முடியுங்களா?”

இந்த ஒரு கேள்வி சந்திப்பு நடக்கும் இடத்தையே மாற்றிவிட்டது. ஃபைல் முதலாளி அறையில் இருக்காது. அக்கவுண்டன்ட் மேசைக்கோ, டிசி போடுபவரின் மேசைக்கோ எழுந்து போக வேண்டும். அங்கே போனதும் பேச்சின் தொனியே வேறு. முதலாளி அறையில் “சாயத்துல கொஞ்சம் லாஸ் வரும், அது எப்பவும் இருக்கறதுதானுங்க” என்று முடிந்த விஷயம், அக்கவுண்டன்ட் மேசையில் ஸ்டேப்ளர் அடித்த ஒரு கத்தைக் காகிதமாக இருந்தது.

இருவராகப் போவது, ஒருவர் பேச ஒருவர் எழுதுவது, அடுத்த இடத்துக்குக் கிளம்பும் முன் எழுதியதைச் சரிபார்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள். ‘கணக்குச் சிக்கல்’ என்று சுருக்கி எழுதாமல் சொன்ன சொல்லை அப்படியே எழுதுவது என்று ஒரு விதியும் போட்டார்கள். பாதி நாட்கள் அதைக் கடைப்பிடிக்கவில்லை. கடைப்பிடித்த நாட்களின் குறிப்புகள்தான் பிறகு உதவின.

கவனித்தவை

அதிகம் பேர் சொன்ன குறை, பணம் தாமதமாக வருவது. பவர் டேபிள் வைத்திருப்பவர்கள், செக்கிங் எடுத்துச் செய்பவர்கள், சிறு நிட்டிங் யூனிட்டுகள் எல்லோரும் இதைத்தான் முதலில் சொன்னார்கள். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் இல்லையென்றால் 15 நாளிலும் கொடுக்காவிட்டால், கொடுக்கும் ஆண்டு வரை வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியாது. ‘45 நாள் ரூல்’ என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பில் தேதியை வைத்து நாள் எண்ணி நினைவூட்டும் மென்பொருள் செய்தால் என்ன என்று குழு யோசித்தது.

ஆனால் அடுத்த கேள்வியில் அது படுத்துவிட்டது. நாள் தாண்டிய பில்லுக்கு நீங்கள் கடைசியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டால், போன் செய்தேன், நேரில் போய் நின்றேன், அடுத்த ஆர்டர் பேசும்போது லேசாகச் சொன்னேன் என்ற அளவில்தான் பதில்கள். சட்டத்தைக் காட்டி ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த லாட் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். நாள் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது, நினைவூட்ட ஒன்றும் தேவையில்லை.

அடுத்தது கூலிக் கணக்கு. சனிக்கிழமை சம்பளம். சிலருக்கு ஷிப்ட் கணக்கு, சிலருக்கு பீஸ் ரேட். இதைக் கணினியில் போட்டால் நேரம் மிச்சமாகும் என்று மென்பொருள்காரர் கருதினார். போய்ப் பார்த்ததில், கான்ட்ராக்டர் ஒரு நீளமான நோட்டில் எழுதி மாலைக்குள் முடித்துவிடுகிறார், தவறுகள் அங்கேயே பேசித் தீர்கின்றன. இன்னொன்றும் இருந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. கட்டாயம், 20 பேர் இருந்தால் பி.எஃப். கட்டாயம். யார் யார் எத்தனை ஷிப்ட் பார்த்தார்கள் என்பது மூன்றாவது ஆளின் கணினியில் ஏறுவதைச் சிலர் விரும்பமாட்டார்கள். தலையாட்டுவார்கள், பயன்படுத்தமாட்டார்கள். அந்தத் தயக்கம் நியாயமா இல்லையா என்பது வேறு விவாதம். முதல் பொருளாக அதில் கைவைப்பது சரியில்லை என்பதில் மூவரும் ஒத்துப்போனார்கள்.

மூன்றாவது டிசி கணக்கு. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

கம்பெனி ஒரு லாட் துணியைச் சாயத்துக்கு அனுப்புகிறது. கிலோ கணக்கு, ரோல் கணக்கு, கலர் எல்லாம் டிசியில் இருக்கும். திரும்பி வரும்போது ஒரே வண்டியில் வராது. முதலில் ஒரு பகுதி, இரண்டு நாள் கழித்து இன்னொரு பகுதி, ஷேடு சரியில்லை என்று திருப்பி அனுப்பியது மறுசாயம் போட்டு மூன்றாவது வண்டியில். ஒவ்வொன்றுக்கும் சாயப்பட்டறை தன் டிசியை, தன் லாட் எண்ணோடு போடுகிறது. ‘பார்ட்டி டிசி எண்’ (துணி அனுப்பிய கம்பெனியின் டிசி எண்) என்ற கட்டம் அச்சிட்டிருக்கும், பல நேரம் காலியாக இருக்கும். இப்போது எந்த வரவு எந்தச் செலவுக்கு உரியது?

எடையும் ஒத்துப்போகாது. சாயத்தில் லாஸ் உண்டு, கலரின் அடர்த்தியையும் பயோவாஷ் (துணியை வழவழப்பாக்கும் நொதிக் கழுவல்) உண்டா என்பதையும் பொறுத்து அது மாறும். போதாததற்குப் பருத்தி ஈரம் உறிஞ்சும். நிலையான சூழலில் பருத்தியின் ஈரப்பத ஏற்பு 8.5 சதவீதம் என்பது கணக்கு. ஐப்பசி மழையில் எடை போட்ட துணிக்கும் சித்திரை வெயிலில் எடை போட்ட துணிக்கும் அதனாலேயே வித்தியாசம் வரும். ஆகவே நாற்பது கிலோ குறைகிறது என்றால் அது லாஸா, வராமல் நிற்கும் ரோலா, எழுதாமல் விட்டதா என்று காகிதத்தைப் பார்த்து உடனே சொல்ல முடியாது.

இதற்கு மேல் ஜிஎஸ்டி. ஜாப் ஒர்க்குக்கு வரியில்லாமல் டிசியில் அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்கிறது சட்டத்தின் 143ஆம் பிரிவு. அனுப்பியதையும் திரும்பியதையும் ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டும். 2021 அக்டோபர் முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேலிருப்பவர்களுக்கு அரையாண்டுக்கு ஒருமுறை, மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை. அக்டோபர் 25, ஏப்ரல் 25 நெருங்கும்போது அக்கவுண்டன்டுகள் இரவு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள் என்பது கணக்குப் பார்த்த பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் அதை ஒரு தொழில் வாய்ப்பாக அதுவரை நினைத்ததில்லை. தன் வேலையின் பாரம் என்றே நினைத்திருந்தார்.

குறிப்புகளில் என் கண்ணில் பட்டது வேறொன்று. டிராக்கர் வேண்டும் என்று சொன்னவர்கள் அதற்காக இதுவரை எதையும் செய்து பார்த்திருக்கவில்லை. டிசி கணக்கைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லாதவர்கள் அதற்காக எதையாவது செய்திருந்தார்கள். ஒரு கம்பெனியில் ஒவ்வொரு சாயப்பட்டறைக்கும் தனி நோட்டு, ஸ்கேலால் கோடு போட்டு இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது. இன்னொன்றில் மாலையில் இரண்டு மணி நேரம் வந்துபோக ஒரு பகுதிநேர ஆள். மற்றொன்றில் எல்லா டிசியையும் போட்டோ எடுத்துப் போட ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் தேடி எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம், ஆனாலும் மாதக்கணக்காக விடாமல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முடிவும் காரணங்களும்

முடிவு சுலபமாக வரவில்லை. நிட்டிங் குடும்பத்துப் பையன் டிராக்கரை விட மறுத்தார். அவர் வாதத்தில் பொருள் இருந்தது: டிராக்கருக்குச் சந்தை பெரிது, முதலீடு கேட்டுப் போனால் விளக்குவது எளிது, டிசி கணக்கு என்று சொன்னால் வெளியூர்க்காரர் யாருக்கும் புரியாது. மென்பொருள்காரர் எல்லாக் குறைகளையும் ஒரு அட்டவணையில் போட்டு எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம் என்றார். அப்படி எண்ணினால் பணத் தாமதம் முதலில் வரும், அடுத்து டிராக்கர், டிசி கணக்கு கடைசியில்.

எண்ணுவது இங்கே உதவாது என்று நான் சொன்னேன். பேசியவர்கள் பாதிக்கு மேல் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும். அவர்கள் எதைக் குறிப்பிட்டார்கள் என்பது பெரும்பாலும் யார் என்ன கேட்டார்கள் என்பதைப் பொறுத்தே இருந்தது. எண்ணிக்கைக்குப் பதிலாக ஒவ்வொரு குறிப்பையும் வேறு விதமாகப் பார்த்தோம். சொன்ன சிக்கல் கடந்த ஒரு மாதத்துக்குள் நடந்ததா, அதற்குக் காகிதம் காட்டினார்களா, தீர்ப்பதற்கு அவர்களாகவே காசோ நேரமோ செலவழித்தார்களா?

பிறகு மூவரும் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காமல், ஒவ்வொரு யோசனைக்கும் அடுத்த மாதமே காசு கொடுப்பார் என்று நம்பும் கம்பெனிகளின் பெயர்களைக் குறிப்புகளிலிருந்து எழுதினார்கள். டிராக்கர் பக்கத்தில் மூவருக்கும் பொதுவாக வந்தது ஒரே பெயர், அது சித்தப்பா. டிசி கணக்குப் பக்கத்தில் பல பெயர்கள் பொதுவாக வந்தன. அதன்பின் பையன் வாதாடவில்லை. முழு மனதோடு ஒத்துக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது, “சரி, செஞ்சு பாத்துருவோம்” என்றார்.

ஒவ்வொரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் என்ன போனது, என்ன வந்தது, என்ன பாக்கி என்று ஒரு பக்கத்தில் காட்டும் ஸ்டேட்மென்ட், அவ்வளவுதான் முதல் பொருள் என்று முடிவாயிற்று. ஆர்டர், ஸ்டைல், விலை எதுவும் அதில் கிடையாது.

மென்பொருள் இல்லாமல் ஒரு சோதனை

நிரல் எழுதும் முன் கையால் செய்து பார்ப்பது என்று ஏற்பாடு. ஆறு கம்பெனிகளிடம் கேட்டார்கள்: ஒவ்வொரு டிசியையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், சனிக்கிழமை காலை ஸ்டேட்மென்ட் தருகிறோம், மாதம் ஆயிரம் ரூபாய், முன்பணம். முன்பணம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். தொகை சிறிதுதான், ஆனால் முதலாளி கல்லாவைத் திறக்கிறாரா என்பது தெரிய வேண்டும்.

நான்கு பேர் கொடுத்தார்கள். கொடுக்காத இருவரும் முதல் சுற்றில் மிக அதிகமாகப் பாராட்டியவர்கள். ஒருவர் “முடிச்சுட்டு வாங்க தம்பி” என்றார், இன்னொருவர் அக்கவுண்டன்டிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார், பிறகு சொல்லவில்லை.

சோதனையில் தெரியவந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் ஒவ்வொன்றும் பொருளின் வடிவத்தை மாற்றியது. சலான் மூன்று பிரதி. சரக்கு பெறுபவருக்கு முதல் பிரதி, வண்டிக்காரருக்கு இரண்டாவது, அனுப்புபவரிடம் தங்குவது மூன்றாவது. அக்கவுண்டன்டிடம் இருப்பது அந்த மூன்றாவது, கார்பன் தாளில் மங்கிப்போன எழுத்து. அதைப் போட்டோ எடுத்தால் 3 எது, 8 எது என்று தெரியாது. எனவே வண்டி கிளம்பும் முன் முதல் பிரதியை எடுக்க வேண்டும். அந்த இடத்தில் நிற்பவர் முதலாளியோ அக்கவுண்டன்டோ கிடையாது. டிசி போடும் பையன், பல இடங்களில் பத்தொன்பது இருபது வயதுக்காரர். அதுவரை அவரை ஒருவரும் நேர்காணல் செய்திருக்கவில்லை.

அவருக்குப் புது ஆப் எதையும் இறக்க விருப்பமில்லை, போனில் இடமுமில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு எண்ணுக்கு அனுப்பு என்றால் அனுப்புகிறார். ஆகவே முதல் பதிப்பில் ஆப் கிடையாது என்று ஆயிற்று. போட்டோவைப் படித்துப் பதிவதற்கும் கருவி தேட வேண்டாம், தமிழும் ஆங்கிலமும் கலந்த கையெழுத்தை ஆளே பார்த்துத் தட்டச்சு செய்யட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். மென்பொருள்காரருக்கு இது பிடிக்கவில்லை. கம்பெனி நடத்துகிறோமா, டைப்பிங் சென்டரா என்று கேட்டார். கேள்வி சரிதான், ஆனால் அந்தக் கட்டத்தில் டைப்பிங் சென்டராக இருந்ததால்தான் எந்த எழுத்து எங்கே குழப்பும் என்பது அவர்களுக்குத் தெரிந்தது.

பிறகு நடந்தது

நான்கில் மூன்று கம்பெனிகள் இரண்டாம் மாதமும் பணம் கட்டின. நான்காவதில் நடந்தது யாரும் எதிர்பாராதது. ஒரு சாயப்பட்டறையிடம் துணி பாக்கி நிற்கிறது என்று அந்தக் கம்பெனி நெடுநாளாகச் சொல்லிவந்தது, பில்லில் பிடித்தமும் செய்திருந்தது. ஸ்டேட்மென்டைப் பார்த்தால் துணி வந்திருக்கிறது. வரவு எழுதாமல் நேராக கட்டிங்குக்குப் போய்விட்டிருக்கிறது. அந்தப் பட்டறையின் டிசிகள் அடுத்த வாரத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வரவில்லை. மற்ற பட்டறைகளின் டிசிகள் வந்தன. முதலாளி கோபப்படவில்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. பிடித்த தொகையைத் திருப்பிக் கொடுத்தாரா என்பது குழுவுக்குத் தெரியாது, கேட்பது முறையுமில்லை.

இந்தச் சம்பவத்துக்குப் பின் குழுவுக்குள் ஒரு கேள்வி வந்தது. ஸ்டேட்மென்ட் கம்பெனிக்கு மட்டுமா, ஜாப் ஒர்க் செய்பவருக்கும் போகுமா? பவர் டேபிள் வைத்திருக்கும் ஒருவர், கம்பெனியிடமிருந்து தனக்கு வந்துசேர்ந்த ஸ்டேட்மென்டைப் பார்த்துவிட்டு, இதேபோல் தன் எல்லாக் கம்பெனிகளுக்கும் வேண்டும் என்று அவராகவே போன் செய்திருந்தார். இரு தரப்புக்கும் தருவது நியாயம் என்றார் கணக்குப் பார்த்த பெண். காசு கொடுப்பவர் அனுமதியில்லாமல் தரக்கூடாது என்றார் மென்பொருள்காரர். யார் பணம் கட்டுகிறாரோ அவருடைய டிசிகளின் கணக்கு அவருக்கு மட்டும், ஜாப் ஒர்க் செய்பவரும் தனியாகப் பணம் கட்டித் தன் பக்கத்து டிசிகளை அனுப்பினால் அவருக்குத் தனிக் கணக்கு என்று முடித்தார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. ஆனால் அந்த நிலையில் அதைவிட நல்ல வழி என்னிடமும் இல்லை.

நிரல் எழுதத் தொடங்கியபின் பெரிய தொல்லை கொடுத்தது கலர். கலரைப் பட்டியலிலிருந்து தேர்வு செய்யச் சொல்லாமல் எழுதியதை அப்படியே ஏற்பது என்று முடிவு செய்திருந்தார்கள், ஈஆர்பி தோற்ற இடம் அதுதான் என்பதால். விளைவு, ‘நேவி’, ‘நேவி ப்ளூ’, ‘என்.ப்ளூ’ மூன்றும் மூன்று கலராக நின்றன. காலரும் கஃப்பும் கிலோவில் போய் பீஸில் திரும்பின. இவற்றையெல்லாம் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனியாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது, ஐடிசி-04க்கான பட்டியல் எடுக்கும் வசதி அதனால் தள்ளிப்போனது, அந்த ஏப்ரல் 25க்கு அது தயாராகவில்லை.

ஒரு வருடம் போல ஆனபோது பணம் கட்டிப் பயன்படுத்தும் கம்பெனிகள் முப்பதுக்கும் மேல். பெரும்பாலும் ஒரு அக்கவுண்டன்ட் இன்னொரு அக்கவுண்டன்டிடம் சொல்லி வந்தவை. முதலாளிகள் ஸ்டேட்மென்டைத் திறந்து பார்ப்பது அபூர்வம், ஆனால் பணம் கட்டுவதை நிறுத்தச் சொல்வதும் இல்லை. சித்தப்பா இன்னும் சேரவில்லை.

டிராக்கர் செய்யப்படவில்லை. ஆனால் பணம் கட்டும் கம்பெனிகளில் சிலர் இப்போது “இந்த லாட் எந்தப் பட்டறைல நிக்குதுன்னு இதுலயே காட்டலாமுங்களே” என்கிறார்கள். டிசிகள் எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் அதற்குப் பதில் சொல்வது பெரிய வேலையில்லை. பையன் அந்தக் கோரிக்கைகளைத் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறார், முகத்தில் கொஞ்சம் சந்தோஷத்தோடு.

மறுமுறை எதை மாற்றுவார்கள்

குழு தங்களுக்கென்று எழுதிவைத்ததில் முதலாவது, டிசி போடுபவரிடமிருந்து தொடங்குவது. முதலாளியிடம் அனுமதி வாங்க வேண்டும், ஆனால் முதலாளி பக்கத்தில் நிற்கும்போது அக்கவுண்டன்ட் பேசுவது பேச்சல்ல. குறிப்புகளைத் திரும்பப் படிக்கும்போது இது தெளிவாகத் தெரிந்தது: முதலாளி அறையில் நடந்த சந்திப்புகளில் அக்கவுண்டன்ட் சொன்னவை பெரும்பாலும் “ஆமாங்க” மட்டுமே.

சொந்தக்காரர்களைப் பழகிக்கொள்வதற்கு மட்டும் பயன்படுத்துவது, அவர்கள் சொன்னதை முடிவுக்கு எடுத்துக்கொள்ளாமல் இருப்பது. சனிக்கிழமை போகாமல் இருப்பது, அன்று சம்பளத்தைத் தவிர வேறெதுவும் யார் மனதிலும் இருக்காது. பணத்தைப் பற்றிய பேச்சை முதல் சந்திப்பிலேயே எடுப்பது. மாதம் ஆயிரம் மிகக் குறைவு என்று இப்போது மூவரும் கருதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அக்கவுண்டன்ட் தன் பொறுப்பிலேயே முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லி வாங்கிவிடக்கூடிய தொகை அது. இரண்டாயிரமாக இருந்திருந்தால் முதலாளி அறைக்குள் மறுபடி ஒரு நீண்ட பேச்சு நடந்திருக்கும்.

இன்னொரு குறை நேர்காணல்களின் தேர்வில் இருந்தது. நிட்டிங், சாயம், தையல் இந்த மூன்றைச் சுற்றியே போனதால் ஒரு கட்டத்துக்குப் பிறகு புதிதாக எதுவும் வரவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டு பிரிண்டிங், எம்பிராய்டரி பக்கம் போயிருக்க வேண்டும். அங்கே கிலோ கிடையாது, கட் பீஸ் எண்ணிக்கை. பண்டல் பிரிந்து போகும், பிரிண்ட் தவறிய பீஸ்களைத் தனியாக எண்ணுவார்கள், மாற்று பீஸ் அடுத்த டிசியில் சேர்ந்து வரும். முதல் பதிப்பு அந்த யூனிட்டுகளில் எடுபடவில்லை. சேர்ந்த ஒரு பிரிண்டிங் யூனிட்டும் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டது. இப்போது அந்தப் பக்கத்துக்கான நேர்காணல்கள் நடக்கின்றன. போகும்போது அவர்கள் கேட்பது, கடைசியாகத் தகராறு வந்த மூன்று டிசிகளையும் அவற்றை எழுதியவரையும்.